லத்தீனோக்கள் டிரம்புக்கு ஏன் வாக்களித்தார்கள்?

நீங்கள் கேட்டிருந்தது இது: "லத்தீனோக்கள் குடியேறிகள். குடியேறிகளைக் கூட்டம் கூட்டமாக நாடு கடத்துவேன் என்று சொல்லியே டிரம்ப் 2024-இல் வாக்குக் கேட்டார். அவருக்கு லத்தீனோக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாக்களித்திருக்கிறார்கள். இது எப்படி? சொந்த இனத்துக்கே துரோகம் இல்லையா?" லத்தீனோ என்றால் லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட அமெரிக்கவாசி. ஹிஸ்பானிக் என்பதும் பெரும்பாலும் அவர்களையே குறிக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டது ஒரு தேர்தலைப் பற்றிய கேள்வி. ஆனால் உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். ஒரே பெயரால் அழைக்கப்படுகிறவர்கள் ஒரே பக்கம் நிற்க வேண்டாமா என்பதுதான் அது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பெயரை யார், எப்போது, எதற்காக வைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் பதினெட்டு ஆண்டுகளாகக் கருத்துக்கணிப்பு வேலை பார்க்கிறேன். கேள்வித்தாள் எழுதுவது, ஆட்களை அனுப்பிக் கேட்கவைப்பது, வந்த எண்களில் எதை நம்பலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று பிரிப்பது, இதுதான் பிழைப்பு. தெற்கு டெக்சாஸ் எனக்குப் பழகிய இடம். ஃபுளோரிடா ஓரளவு தெரியும். நியூயார்க், நியூஜெர்சி பக்கமெல்லாம் எண்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் முதல் வாக்கியத்தையே திருத்த வேண்டியிருக்கிறது. லத்தீனோக்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். வாக்குரிமை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் அது ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. குடியுரிமை இல்லாதவர் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஆக, நாடு கடத்தப்படும் அபாயத்தில் இருப்பவரிடம் வாக்கு இல்லை. வாக்கு வைத்திருப்பவருக்கு அந்த அபாயம் நேரடியாக இல்லை. அத்தைக்கோ மச்சானுக்கோ இருக்கலாம், பலருக்கு இருக்கிறது. ஆனால் "குடியேறிகளே குடியேறிகளுக்கு எதிராக வாக்களித்தார்கள்" என்ற தலைப்புச் செய்தி தொடக்கத்திலேயே கோணல்.

மெக்சிகோ வம்சாவளியினர்தான் லத்தீனோக்களில் பெரும்பான்மை. அவர்களிலும் ஒரு பகுதியினர் எங்கிருந்தும் வந்தவர்கள் இல்லை. 1846-இல் அமெரிக்காவோடு தொடங்கிய போர் 1848-இல் குவாதலுப்பே இதால்கோ ஒப்பந்தத்தோடு முடிந்தபோது மெக்சிகோ தன் நிலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்தது. அங்கே இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், நாடு மாறிவிட்டது. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது" என்று இங்கே ஒரு வழக்கு உண்டு. ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் 1767-இல் ஸ்பெயின் அரசு குடும்பம் குடும்பமாக அளந்து பட்டா போட்டுக் கொடுத்த நிலங்களுக்குப் போர்சியோன் என்று பெயர். அந்தப் பட்டாக்காரர்களின் வாரிசுகள் இன்றும் ஸ்டார் கவுண்டியில் இருக்கிறார்கள். கவுண்டி என்பதை நம்மூர் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் போய் "உங்கள் குடும்பம் எப்போது வந்தது?" என்று கேட்டால், "உன் நாடு எப்போது வந்தது?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

புவேர்த்தோ ரிக்கோக்காரர்களின் கதை வேறு. 1898-இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா அந்தத் தீவைப் பிடித்தது. 1917 முதல் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். தீவில் இருக்கும்வரை அதிபர் தேர்தலில் வாக்கு கிடையாது. விமானம் ஏறி ஃபுளோரிடாவில் இறங்கி முகவரியைப் பதிந்துகொண்டால் வாக்கு உண்டு. அவர்களுக்கு விசா, கிரீன் கார்டு, நாடு கடத்தல் எல்லாம் அடுத்த வீட்டுப் பிரச்சினை.

கியூபாக்காரர்கள் மூன்றாவது ரகம். 1959 புரட்சிக்குப் பிறகு வந்தவர்களுக்காக 1966-இல் தனிச் சட்டமே போட்டார்கள். கியூபாவிலிருந்து வந்து ஓராண்டு தங்கிவிட்டால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கடலில் பிடிபட்டால் திருப்பி அனுப்புவது, கரையில் கால் வைத்துவிட்டால் இருக்கவிடுவது என்ற நடைமுறை 1995 முதல் 2017 ஜனவரி வரை இருந்தது. அதை முடித்துவைத்தவர் ஒபாமா. வேறெந்த லத்தீன் அமெரிக்க நாட்டினருக்கும் இப்படி ஒரு வாசல் திறந்திருக்கவில்லை. சோஷலிசம் என்ற சொல் மயாமியில் பொருளாதாரக் கொள்கையின் பெயர் கிடையாது. வீட்டையும் கடையையும் பிடுங்கிக்கொண்டவனின் பெயர். பின்னால் வந்த நிகராகுவாக்காரர்களும் வெனிசுலாக்காரர்களும் அந்த அர்த்தத்தை இன்னும் கெட்டியாக்கினார்கள். 2000 ஏப்ரலில் எலியான் கோன்சாலெஸ் என்ற ஆறு வயதுச் சிறுவனை மயாமியிலிருந்த உறவினர் வீட்டில், ஜனநாயகக் கட்சிக்காரரான கிளின்டனின் அரசு அனுப்பிய துப்பாக்கி ஏந்திய அதிகாரிகள் புகுந்து தூக்கிப்போய், கியூபாவிலிருந்து வந்திருந்த தந்தையிடம் ஒப்படைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஃபுளோரிடாவை, டிரம்பின் கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த புஷ் 537 வாக்கு வித்தியாசத்தில் எடுத்தார். ஒன்றுக்கு மற்றது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மயாமியில் அதை மறந்தவர்கள் யாரும் இல்லை.

சரி, இந்த மூவரையும் சேர்த்து ஒரு பெயர் எப்படி வந்தது? வட இந்தியாவுக்கு வேலைக்குப் போன பழைய தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். தமிழரோ மலையாளியோ தெலுங்கரோ, அங்கே எல்லாரும் "மதராசி"தான். வெளியே இருப்பவன் தன் வசதிக்கு வைத்த பெயர் அது. லத்தீனோ அப்படித் தொடங்கினாலும் அதோடு நிற்கவில்லை. அதை உள்ளேயிருந்தும் சிலர் விரும்பிக் கட்டினார்கள். 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் (சென்சஸ்) "மெக்சிகர்" என்று தனி இனமே போட்டார்கள். அந்தக் காலம் எப்படிப்பட்டது என்றால், பொருளாதார மந்தத்தில் லட்சக்கணக்கான மெக்சிகோ வம்சாவளியினரை, குடியுரிமை உள்ளவர்களையும் சேர்த்து, ரயிலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தனி இனம் என்று குறிக்கப்பட்டால் அடுத்து என்ன வருமோ என்று பயந்து, இங்கிருந்த தலைவர்களும் மெக்சிகோ அரசும் எதிர்த்தார்கள். 1940-இல் அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது, எல்லாரும் மறுபடி "வெள்ளையர்" ஆனார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. 1960-களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டங்கள் வந்த பிறகு, எண்ணிக்கையைக் காட்டினால்தான் நிதி, பள்ளி, தொகுதி என்ற நிலை. தனியாக எண்ணாதே என்று கெஞ்சியவர்களின் பிள்ளைகள் தனியாக எண்ணு என்று போராடினார்கள். 1970-இல் மக்களில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் கொடுத்த நீண்ட படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள். "மத்திய அல்லது தென் அமெரிக்கர்" என்று ஒரு கட்டம். அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தென் மாநிலங்களிலும் இருந்த ஆட்கள் பலர், நாமும் மத்திய, தென் அமெரிக்கர்தானே என்று அதில் குறி போட்டுவிட்டார்கள்! கேள்வித்தாள் எழுத வருகிற புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் கதை இது. அப்புறம் 1976-இல் ஸ்பானிய வம்சாவளியினரைத் தனியாகக் கணக்கெடுக்கச் சட்டம் வந்தது, 1977-இல் அரசு அலுவலகங்களுக்கெல்லாம் பொதுவான வரையறை வந்தது, 1980-இல் நாட்டில் எல்லா வீட்டுக்கும் போன படிவத்தில் கேள்வி ஏறியது.

அரசு மட்டும் இதைச் செய்யவில்லை. இதில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. என் ஊரான சான் அன்டோனியோவில்தான் 1955-இல் அமெரிக்காவின் முதல் முழுநேர ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அந்த விதையிலிருந்து வளர்ந்த நிறுவனம்தான் பின்னால் யுனிவிஷன் ஆனது. யோசித்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் மெக்சிகர், நியூயார்க்கில் புவேர்த்தோ ரிக்கோக்காரர், மயாமியில் கியூபாக்காரர் என்று மூன்று சின்னச் சந்தைகளாக இருந்தால் பெரிய சோப்புக் கம்பெனி விளம்பரம் தராது. "நாடு முழுக்க ஒரே ஹிஸ்பானிக் சந்தை" என்று சொன்னால் தரும். அந்தச் சொல்லுக்கு ஆதாரமாக சென்சஸ் எண் வேண்டும். அதனால் தொலைக்காட்சியும் சமூக அமைப்புகளும் சேர்ந்து, படிவத்தை நிரப்புங்கள், அந்தக் கட்டத்தில் குறியிடுங்கள் என்று பிரசாரம் செய்தன. 1986 முதல் மயாமியில் படம்பிடித்து நாடெங்கும் ஒளிபரப்பான 'சாபதோ ஹிகாந்தே' என்ற சனிக்கிழமை நிகழ்ச்சி இதற்கு நல்ல உதாரணம். தொகுப்பாளர் சிலி நாட்டுக்காரர், அரங்கம் கியூபாக்காரர்களின் ஊரில், பார்ப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி. எந்த நாட்டு வாடையும் தூக்கலாகத் தெரியாத ஒரு பொது ஸ்பானிய உச்சரிப்பும் அந்தக் காலத்தில்தான் செய்தி வாசிப்பில் படிந்தது.

அப்படியானால் லத்தீனோ என்பது வெறும் பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. வெளியிலிருந்து அடி விழும்போது அந்தப் பெயருக்கு உயிர் வந்துவிடுகிறது. 1994-இல் கலிஃபோர்னியாவில், ஆவணமில்லாதவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவம் போன்றவற்றை நிறுத்தும், மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 187-ஆம் தீர்மானத்தை ஆளுநர் பீட் வில்சன் முன்னின்று ஆதரித்தார். அது வென்றது, பிறகு நீதிமன்றத்தில் அடிபட்டது. அந்தக் கோபத்தில் குடியுரிமை வாங்கி வாக்காளராகப் பதிந்துகொண்டவர்கள் கலிஃபோர்னியாவைக் குடியரசுக் கட்சிக்கு எட்டாத மாநிலமாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தார்கள். 2006-இல் ஆவணமின்றி இருப்பதையே குற்றவழக்காக்கும் மசோதா வந்தபோது, லாஸ் ஏஞ்சலஸில் லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைக் கூட்டியது கட்சிகள் இல்லை. காலையில் கேலியும் கிண்டலுமாகப் பேசும் ஸ்பானிய வானொலித் தொகுப்பாளர்கள். வெள்ளைச் சட்டை போடுங்கள், அமெரிக்கக் கொடியைத் தூக்குங்கள் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்கள்தான். எனவே அந்தப் பெயர் தேவைப்படும்போது கனமாகிறது, மற்ற நாட்களில் லேசாகிவிடுகிறது. இது என் கணிப்பு. ஆனால் தரவுகளோடு ஒத்துப்போகிற கணிப்பு.

இந்தப் பெயர் ஒருவரின் வீட்டுக்குள் எப்படி இருக்கிறது என்பதை ஒரு மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 2019-இல் ஒரு கேள்வித்தாளைச் சோதிப்பதற்காக ஸ்டார் கவுண்டியின் தலைநகரான ரியோ கிராண்டே சிட்டிக்குப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. சமையலறையில் உட்காரவைத்து, கல்லில் தோர்த்தியா ரொட்டியைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னார். "நீங்கள் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ வம்சாவளியா?" ஆமாம், மெக்சிகானா. அடுத்த கேள்வி: "உங்கள் இனம் எது? வெள்ளையர், கறுப்பர், அமெரிக்கப் பழங்குடி, ஆசியர், வேறு." பாட்டி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்போதுதானே சொன்னேன்?" சென்சஸ் கணக்கில் ஹிஸ்பானிக் என்பது இனம் கிடையாது, அது வம்சாவளி, இனம் தனிக் கேள்வி என்று விளக்கினேன். அவர் பென்சிலை வாங்கி 'வேறு' என்பதற்கு எதிரே "மொரேனா" என்று எழுதினார். மொரேனா என்றால் நம் கல்யாண விளம்பரத்தில் வருமே, மாநிறம், கிட்டத்தட்ட அது. இனம் கேட்டதற்கு நிறம் எழுதினார். அவருடைய கணவர் உள்ளேயிருந்து வந்து, தன் பிறப்புச் சான்றிதழில் "வெள்ளை" என்று இருப்பதாகச் சொன்னார். படித்தது மட்டும், வடக்கே ஒரு பருத்திக்காட்டு ஊரில், மெக்சிகர்களுக்கென்று ஒதுக்கிவைத்த பள்ளியில்.

இறங்கி வரும்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. கொல்லைப்புறக் குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் குவளை கவிழ்த்து வைத்திருந்தது. ஆற்றைத் தாண்டி வருகிறவர்கள் தண்ணீர் குடிக்க. கூடத்துச் சுவரில் குவாதலுப்பே மாதா படத்துக்குப் பக்கத்தில் பேரனின் புகைப்படம், எல்லைக் காவல் படைச் சீருடையில். அந்தப் படையில் ஏறக்குறைய பாதிப் பேர் ஹிஸ்பானிக் என்பது பலருக்குத் தெரியாது. எல்லையோரத்தில் பட்டப்படிப்பு இல்லாமல் நல்ல சம்பளமும் ஓய்வூதியமும் தரும் வேலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் இது ஒன்று. குவளையும் சீருடையும் ஒரே வீட்டில் இருப்பதில் அந்தப் பாட்டிக்கு எந்த முரணும் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது.

இப்போது எண்களுக்கு வருகிறேன். இதில் உறுதியானது எது என்றால், கவுண்டி வாரியாக எண்ணப்பட்ட வாக்குகள். ஸ்டார் கவுண்டியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ஹிஸ்பானிக். அங்கே டிரம்ப் 2016-இல் 19 சதவீதம், 2020-இல் 47, 2024-இல் சுமார் 58. 1892-க்குப் பிறகு குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் ஒருவர் அங்கே வென்றது அதுதான் முதல் முறை. மயாமி-டேட் கவுண்டியில் 2016-இல் ஹிலாரி கிட்டத்தட்ட 30 புள்ளி முன்னிலை, 2020-இல் பைடன் 7, 2024-இல் டிரம்ப் 11 புள்ளி முன்னிலை. ஸ்டாரில் இருப்பது மெக்சிகோ வம்சாவளி, மயாமியில் கியூபா, வெனிசுலா, கொலம்பியா. புவேர்த்தோ ரிக்கோக்காரர்கள் நிறைந்த ஃபுளோரிடாவின் ஆசியோலா கவுண்டியும் 2024-இல் டிரம்ப் பக்கம் சாய்ந்தது. இத்தனைக்கும் தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு நியூயார்க்கில் அவருடைய கூட்டத்தில் பேசிய ஒரு நகைச்சுவைக்காரர் அந்தத் தீவைக் குப்பைத் தீவு என்று சொல்லி, அது ஒரு வாரம் செய்தியாக ஓடியது. காற்று எல்லாப் பக்கமும் ஒரே திசையில் அடித்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் "லத்தீனோக்களில் இத்தனை சதவீதம்" என்று வரும் எண்ணை இறுக்கிப் பிடிக்காதீர்கள். 2024-இல் வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பு டிரம்புக்கு 46 சதவீதம் என்றது; வாக்களித்தவர்தானா என்று பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பியூ ஆய்வு மையம் 48 என்றது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, பரவாயில்லை. 2016-இல் வாசல் கணிப்பு 28 என்றது, லத்தீனோக்களை மட்டும் கேட்ட இன்னொரு கணிப்பு 18 என்றது. பத்துப் புள்ளி இடைவெளி! வாசல் கணிப்புக்குத் தேர்ந்தெடுக்கும் சாவடிகள் மாநில முடிவை ஊகிப்பதற்கு ஏற்றவை. ஒரு சிறுபான்மைக் குழு எங்கே, எப்படிச் சிதறி வாழ்கிறது என்பதைப் பிடிப்பதற்கு ஏற்றவை இல்லை. 2004-இல் புஷ்ஷுக்கு லத்தீனோ வாக்கு 44 சதவீதம் என்று முதலில் சொல்லி, பிறகு 40-ஐ ஒட்டிக் குறைத்ததும் இதனால்தான். அந்த 40-ஐ நினைவில் வையுங்கள். 2012-இல் குடியரசுக் கட்சியின் ராம்னி வாங்கிய 27-ஓடு ஒப்பிட்டால் 2024 பூகம்பம். 2004-ஓடு ஒப்பிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பி, கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான்.

இனம் பற்றிய எண்ணும் அப்படித்தான் ஆட்டம் காட்டும். 2010-இல் ஹிஸ்பானிக் மக்களில் 53 சதவீதம் பேர் "வெள்ளையர்" மட்டும் என்று பதிவானார்கள். 2020-இல் அது 20 சதவீதம். பத்தாண்டில் யாருக்கும் நிறம் மாறவில்லை. படிவத்தில் எழுதுவதற்குக் கூடுதல் இடம் கொடுத்தார்கள், எழுதியதைப் பிரிக்கும் முறையை மாற்றினார்கள். பாட்டி எழுதிய மொரேனாவை எந்தப் பெட்டியில் போடுவது என்று ஒரு அலுவலகம் எடுக்கிற முடிவுதான் அமெரிக்காவின் "இனப் படம்". 2024 மார்ச்சில் இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கச் சொல்லி அரசு விதியை மாற்றியது. பாட்டி கேட்டதைத்தான் ஐந்தாண்டு கழித்துச் செய்திருக்கிறார்கள்.

ஏன் சாய்ந்தார்கள் என்ற கேள்விக்கு வந்தால், தரை கொஞ்சம் வழுக்கும். விலைவாசி முதல் காரணம் என்பதில் பெரும்பாலான கணிப்புகள் ஒத்துப்போகின்றன. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பதாண்டு உச்சம். வாடகையும் பெட்ரோலும் வருமானத்தின் பெரும்பகுதியை விழுங்கும் வீடுகளில் அது எப்படி வலிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்க் கிணறு வேலையை நம்பியிருக்கும் தெற்கு டெக்சாஸில், ஸ்டாருக்கு அடுத்த சப்பாத்தா கவுண்டி 2020-லேயே சாய்ந்துவிட்டது. சுவிசேஷ சபைகள்தான் காரணம் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்தச் சபைகளுக்குப் போகிறவர்கள் டிரம்ப் பக்கம் கூடுதலாக நிற்பது உண்மை. ஆனால் 2010-க்கும் 2022-க்கும் இடையில் லத்தீனோக்களில் கத்தோலிக்கர் 67 சதவீதத்திலிருந்து 43-ஆகக் குறைந்தபோது, விலகியவர்கள் பெரும்பாலும் போனது சபைகளுக்கு இல்லை, எந்த மதமும் இல்லை என்ற பக்கத்துக்கு. ஆகவே அந்த விளக்கத்தை நான் பாதிக்கு மேல் நம்புவதில்லை. ஆண் திமிர், வாட்ஸ்அப் வதந்தி என்ற விளக்கங்களும் உண்டு. அவற்றை அளக்க நல்ல அளவுகோல் இல்லை; அளக்க முடியாததைக் காரணமாகச் சொல்வது தோற்றவருக்கு ஆறுதலாக இருக்கும், அவ்வளவே.

குடியேற்றம் பற்றிய கசப்பு பலர் நினைப்பதைவிடப் பழையது. லத்தீனோ உரிமைக்கான மூத்த அமைப்பான லூலாக் 1929-இல் டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டியில் தொடங்கியபோது, குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் உறுப்பினர் சேர்க்கை. புதிதாக ஆற்றைத் தாண்டி வருகிறவர்களோடு தங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலை. விவசாயக் கூலிகளின் தலைவர் சேசர் சாவேஸ், பண்ணை முதலாளிகள் வேலைநிறுத்தத்தை உடைக்க ஆவணமில்லாதவர்களைக் கொண்டுவருகிறார்கள் என்று 1974-இல் அவர்களுக்கு எதிராகவே இயக்கம் நடத்தினார். அண்மைக் கதையும் ஒன்று உண்டு. 1986-இல் ரேகன் காலத்துச் சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்கு ஆவணம் தந்தது. அதன் பிறகு அந்த அளவில் எதுவும் வரவில்லை. இருபது வருடமாக இங்கே கூரை வேய்ந்து, வரி கட்டி, இன்னும் "பேப்பர்" இல்லாமல் இருக்கும் ஒரு அண்ணன் பல குடும்பங்களில் உண்டு. 2023 நிதியாண்டில் தெற்கு எல்லையில் ஏறக்குறைய 25 லட்சம் பிடிபடல்கள். வந்தவர்களில் பலருக்கு அடைக்கலக் கோரிக்கை வழியாகச் சில மாதங்களிலேயே வேலை அனுமதி கிடைத்தது. "என் அண்ணனுக்கு இல்லாதது நேற்று வந்தவனுக்கா?" என்று என்னிடமே ஸ்பானிய மொழியில் கேட்டவர்கள் உண்டு. அதைச் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரேஷன் கடை வரிசையில் நின்ற நமக்கு அந்தக் குரல் புரியாமல் போகாது.

துரோகம் என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்தச் சொல்லை எடுப்பதற்கு முன்பு ஓர் உடன்பாடு இருந்திருக்க வேண்டும். ஸ்டார் கவுண்டிப் பட்டாக்காரரின் பேரனும் மயாமியில் கடை வைத்திருக்கும் கியூபாக்காரரும் எந்தக் காலத்தில் எங்கே கைகுலுக்கினார்கள்? அவர்களைச் சேர்த்துவைத்தது ஒரு படிவமும் ஒரு விளம்பரச் சந்தையும். பிறகு ஜனநாயகக் கட்சி அந்தச் சேர்க்கையை நிரந்தர வங்கிக் கணக்கு மாதிரி நம்பிவிட்டது. "லத்தீனெக்ஸ்" என்ற, ஆண்பால் பெண்பால் காட்டாத புதுச் சொல்லை அந்தக் கட்சிக்காரர்களும் பல்கலைக்கழகங்களும் தூக்கிப் பிடித்தபோது, அந்தச் சொல்லால் தன்னைக் குறிப்பிடும் லத்தீனோக்கள் 2024-இல்கூட 4 சதவீதம்தான். டெக்சாஸில் பலர் லத்தீனோ என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஹிஸ்பானிக் அல்லது தெஹானோ, அதாவது டெக்சாஸ்காரர்.

இன்னொரு தவறும் வேண்டாம்: இனி இவர்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள் என்று எழுதிவைத்துவிடாதீர்கள். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் கார் கழுவும் கடைகளிலும் கூலியாட்கள் வேலைக்குக் காத்திருக்கும் ஹோம் டிப்போ கடை வாசல்களிலும் குடியேற்ற அதிகாரிகளின் சோதனை தொடங்கியது. மயாமி அருகே டோரல் நகரம் வெனிசுலாக்காரர்கள் நிறைந்தது. 2024-இல் டிரம்புக்கு அள்ளிக் கொடுத்த ஊர். அடுத்த ஆண்டே வெனிசுலாக்காரர்களை நாடு கடத்தலிலிருந்து காத்த தற்காலிகப் பாதுகாப்பை அவருடைய அரசு விலக்கியது. 2025 நவம்பரில், நியூஜெர்சி மாநிலத்தில் லத்தீனோக்கள் நிறைந்த, 2024-இல் டிரம்ப் வென்றிருந்த பசேயிக் கவுண்டி, ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிப் பக்கம் திரும்பியது. டிசம்பரில் மயாமி நகர மேயர் பதவியை ஏறக்குறைய முப்பதாண்டுக்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் வென்றார். இவை மாநில, நகரத் தேர்தல்கள், வாக்களித்தவர்கள் குறைவு, அதனால் இவற்றிலிருந்து 2028-ஐ ஊகிக்க மாட்டேன். வெளியிலிருந்து அடி விழும்போது பெயர் கனமாகும் என்று மேலே சொன்னேனே, அது மறுபடி நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வியின் கடைசியில் "அங்கே நம்ம ஆட்களும் இப்படித்தானா?" என்று கேட்டிருந்தீர்கள். 1970 கணக்கெடுப்பில் இந்தியர்கள் "வெள்ளையர்" கணக்கில் சேர்ந்தார்கள். சிறுபான்மையினருக்கான பாதுகாப்பும் வாய்ப்பும் கிடைக்காமல் போகிறது என்று இந்திய அமைப்புகள் முறையிட்டன. 1980-இல் "ஆசிய இந்தியர்" என்று தனிக் கட்டம் வந்தது. 2020-இல் எங்கள் வீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன், அந்தக் கட்டத்தில் குறியிட்டேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பருக்கு அப்படி ஒரு கட்டம் இல்லை. "வேறு ஆசியர்" என்பதன் கீழே கையால் எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று எனக்குத் தொலைபேசியில் கேட்டார். இலங்கையர் என்றா, தமிழர் என்றா? வெகுநேரம் பேசினோம். கடைசியில் எதை எழுதினார் என்று இன்றுவரை சொல்லவில்லை.